குடியானவர் வழக்கைச் சுமந்த வணிகர்
கஜுலு இலட்சுமிநரசு செட்டியார் (1806–1868)



பங்குப் பத்திரிகையில் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரம் வருவதே வழக்கம். இவ்வாரம் வேறுவிதமான ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லப் போகிறோம். அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவரல்லர். தம் காலத்துப் பாதிரிமார்களின் வேலையை வன்மையாய் எதிர்த்தவர் என்றுகூடச் சொல்ல வேண்டும். ஆயினும் ஏழைக் குடியானவனின் உடம்பில் விழுந்த அடியைத் தம்மேல் விழுந்த அடியாக எண்ணி, அந்த வழக்கைக் கடல் கடந்து சீமைப் பார்லிமெண்டு வரைக்கும் கொண்டுபோனவர் அவர். அவர் பெயர் கஜுலு இலட்சுமிநரசு செட்டியார். சென்னையில் வாழ்ந்து மறைந்த அவரை இன்று நம் பிள்ளைகளில் அறிந்தவர் மிகச் சிலரே.

இலட்சுமிநரசு செட்டியார் 1806-ம் ஆண்டு சென்னையில் பிறந்தார். தகப்பனார் சித்துலு செட்டியார் அவுரியும் துணியும் வாங்கி விற்கும் வியாபாரி. மகன் பெரும் படிப்புப் படிக்கவில்லை. பள்ளியில் கொஞ்சம் கற்றபின் தகப்பனாரின் கடையிலேயே அமர்ந்தார். கணக்கில் கெட்டிக்காரர், பேச்சில் நாணயமுள்ளவர். வியாபாரம் செழித்தது. அக்காலத்தில் பணம் சேர்த்த ஒருவர் கோவில் கட்டலாம், சத்திரம் கட்டலாம், தம் மக்களுக்கு மாளிகை கட்டலாம். இவரோ தம் பணத்தைப் பொதுக் காரியத்தில் போடத் துணிந்தார்.

1844-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 'கிரஸெண்ட்', அதாவது பிறை என்னும் பொருள்படும் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை அவர் வெளியிடத் தொடங்கினார். ஹார்லி என்ற ஆங்கிலேயர் அதற்கு ஆசிரியரானார். சுதேசிகளின் குறைகளை ஆள்கிறவர்களின் பாஷையிலேயே ஆள்கிறவர்களுக்குச் சொல்வது அதன் நோக்கம். இது கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்குப் பிடிக்கவில்லை. பத்திரிகையின் விளம்பரத்தைச் சர்க்கார் கெஜட்டில் போடவும் மறுத்துவிட்டார்கள். செட்டியார் தளரவில்லை. நஷ்டத்தைத் தம் பெட்டியிலிருந்து ஈடுசெய்துகொண்டு பத்திரிகையை நடத்தினார்.

அக்காலத்தில் சென்னை கவர்னராயிருந்த ட்வீடேல் பிரபு, சர்க்கார் பள்ளிகளில் வேதாகமத்தைப் பாடப்புத்தகமாக வைக்க வேண்டுமென்று 1846-ல் யோசனை கூறினார். இலட்சுமிநரசு செட்டியாரும் அவர் நண்பர்களும் பெருங்கூட்டம் கூட்டி, ஆயிரக்கணக்கான கையெழுத்துக்களுடன் லண்டனிலிருந்த கம்பெனி டைரக்டர்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். டைரக்டர்களும் அந்த யோசனையை ஏற்கவில்லை. கிறிஸ்தவர்களாகிய நமக்கு இது முதலில் கசப்பாய்த் தோன்றலாம். ஆனால் வரி வாங்குகிற சர்க்கார் எல்லாருடைய சர்க்காராயும் இருக்க வேண்டும், ஒரு சாராரின் சர்க்காராகக் கூடாது என்பதே அவர் வாதம். இன்று இந்நாட்டில் சிறுபான்மையோராய் வாழும் நாம் அந்த வாதத்தின் அருமையை நன்கு உணர்வோம் அன்றோ?

இனி, அவர் வாழ்வின் பெரிய காரியத்துக்கு வருவோம். அதை விளங்கிக்கொள்ள அந்நாளைய ஆட்சிமுறையைச் சிறிது அறிய வேண்டும்.

நம் தென்னேரி ஏரியைப் பாருங்கள். அது நிரம்பினால் வயல் விளையும். வற்றினால் வயிறு வாடும். ஏரி நிரம்பினாலும் வற்றினாலும் கம்பெனியாரின் கிஸ்தி மாத்திரம் நிற்பதில்லை. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு குடியானவனும் தன் நிலத்துக்குரிய தீர்வையை நேரே சர்க்காருக்குக் கட்ட வேண்டும். நெசவாளரும் தப்பவில்லை. தறிக்கும் கைத்தொழிலுக்கும் மோதுர்பா என்ற வரி இருந்தது. இவற்றையெல்லாம் வசூலிப்பவர் தாசில்தாரும் அவருக்குக் கீழ்ப்பட்ட சேவகர்களும்.

தீமையின் வேர் எங்கேயென்றால், 1816-ம் ஆண்டு 11-ம் ரெகுலேஷன் என்ற சட்டத்தின்படி அந்தத் தாசில்தாரே தாலுகாப் போலீசுக்கும் தலைவர். கலெக்டரே மாஜிஸ்திரேட்டு. வரி கேட்கிற கையும், கைதுசெய்கிற கையும், புகாரை வாங்குகிற கையும் ஒன்றாயிருந்தன. கிஸ்திக்காக அடிபட்டவன் யாரிடம் போய் முறையிடுவான்? அடித்தவரிடமே போக வேண்டும். மேலதிகாரியிடம் போகலாமென்றால் கலெக்டர் கச்சேரி வெகுதூரம், வழிச்செலவுக்குப் பணமில்லை, போய்த் திரும்பும்வரை பயிரைக் காக்க ஆளில்லை. திரும்பி வந்தபின் அதே தாசில்தாரின் கீழ்த்தான் பிழைக்க வேண்டும். ஆகவே ஜனங்கள் வாய்மூடி இருந்தார்கள்.

அவர்கள் பட்ட பாடுகள் சொல்லத்தரமன்று. கிட்டி என்று ஒன்று உண்டு. இரு கட்டைகளுக்கிடையே விரல்களை வைத்து, வலி பொறுக்கமாட்டாமல் அலறும்வரை நெருக்குவார்கள். அண்ணாந்தாள் என்பது மற்றொன்று. மனிதனைக் குனியவைத்து, அவன் கழுத்தையும் கால்விரல்களையும் கயிற்றால் பிணைத்து, முதுகின்மேல் கல்லேற்றி, உச்சி வெயிலில் நிறுத்திவிடுவார்கள். கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுவதும், சோறு தண்ணீர் கொடாமல் அடைத்துவைப்பதும் உண்டு. அற்பத் தொகைகளுக்காகவும் இவை நடந்தன. திருட்டு வழக்கானால், குற்றத்தை ஒப்புக்கொள்ளும்வரை இதே பாடுதான். ஒப்புக்கொண்டவன் குற்றவாளியா நிரபராதியா என்று கேட்பார் இல்லை. வலிக்குப் பயந்து செய்யாததைச் செய்தேன் என்றவர்கள் எத்தனை பேரோ, சர்வேசுரன் ஒருவரே அறிவார்.

இவற்றை இலட்சுமிநரசு செட்டியார் அறிந்திருந்தார். சென்னைப் பட்டணத்தில் செல்வராய் வாழ்ந்த அவரை எந்தச் சேவகனும் தொட்டிருக்கமாட்டான். ஆனால் கிராமங்களிலிருந்து அவரிடம் முறையிட வந்தவர்கள் பலர். அவர் தம் நண்பர்களுடன் அமைத்த சென்னைச் சுதேச சங்கம் 1852-ல் முழுமூச்சுடன் வேலைசெய்தது. மறு வருஷம் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிப்பதைப் பற்றிப் பார்லிமெண்டு ஆலோசிக்க இருந்தது. இதுவே தருணம் என்று கண்ட சங்கத்தார், 1852 டிசம்பரில் பார்லிமெண்டுக்கு நீண்ட விண்ணப்பம் ஒன்றை எழுதினார்கள். நிலத்தீர்வையின் பாரம், மோதுர்பா வரியின் கொடுமை, கோர்ட்டுகளின் தாமதம், சாலைகளும் ஏரிகளும் பழுதாய்க் கிடப்பது, பள்ளிகள் போதாமை, உப்பு ஏகபோகம் ஆகிய எல்லாவற்றையும் அடுக்கி எழுதினார்கள். கலகமோ கல்லெறியோ இல்லை. காகிதமும் மையும் கையெழுத்துமே அவர்கள் ஆயுதம்.

காகிதம் மாத்திரம் போதாது, கண்கண்ட சாட்சி வேண்டும் என்பதையும் செட்டியார் அறிந்திருந்தார். இந்தியாவின் குறைகளைக் கவனிக்க லண்டனில் ஒரு சங்கம் ஏற்பட்டிருந்தது. அதன் தலைவரும் பார்லிமெண்டு அங்கத்தினருமான டான்பி ஸீமூர் என்பவர் 1853-ல் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரை வரவேற்று உபசரித்ததோடு நிற்கவில்லை. பட்டணத்து விருந்துகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப விடாமல், அவரை ஜில்லாக்களுக்கு அழைத்துச் சென்றார். அப்போது இந்த ராஜதானியில் ரெயில் கிடையாது. 1856-ம் வருஷத்தில்தான் இராயபுரத்திலிருந்து முதல் ரெயில் புறப்பட்டது. ஆகவே அந்தப் பிரயாணம் எவ்வளவு சிரமமானது என்று எண்ணிப் பாருங்கள். ஊர் ஊராய்க் குடியானவர்கள் வந்து தங்கள் துயரத்தை நேரில் சொன்னார்கள். ஸீமூர் துரையும் கேட்டுக் கலங்கினார்.

1854 ஜூலை மாதத்தில் பார்லிமெண்டின் காமன்ஸ் சபையில் ஸீமூர் எழுந்து, சென்னை ராஜதானியில் வரி வசூலிப்பதற்காக மனிதரை வதைக்கிறார்கள் என்று வெளிப்படையாய்ச் சொன்னார். சபையில் பரபரப்பு உண்டாயிற்று. இந்தியாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய சிலர் அப்படியொன்றும் கிடையாது என்று மறுத்தார்கள். ஆனால் சொன்னவர் தாமே போய்ப் பார்த்து வந்தவர். ஆகையால் விஷயத்தை மூடிவைக்க முடியவில்லை. அவ்வருஷமே, ஹாரிஸ் பிரபு சென்னைக் கவர்னராயிருந்தபோது, சித்திரவதையை விசாரிக்க ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், பாரிஸ்டர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் அதன் அங்கத்தினர்கள்.

கமிஷன் சென்னைப் பட்டணத்தில் மூன்று மாத காலம் உட்கார்ந்தது. பிறகு நடந்ததுதான் மனத்தை உருக்கும் காரியம். தலைமுறைகளாய் வாய்மூடி இருந்த ஜனங்கள் வாய் திறந்தார்கள். நூற்றுக்கணக்கான மைல் தூரத்திலிருந்து கால்நடையாய் வந்தவர்கள் உண்டு. நேரில் வந்து முறையிட்டவர்கள் 519 பேர். கடிதமாய் வந்த முறையீடுகள் 1,440. ஆக 1,959 முறையீடுகள். வீட்டையும் பயிரையும் விட்டு, திரும்பிப் போனால் என்ன நேருமோ என்ற பயத்தோடு வந்து சாட்சி சொன்ன அந்த ஏழைகளின் தைரியத்தை என்னென்பது! சரித்திரப் புத்தகங்களில் அவர்கள் பெயர் பெரிதாய் எழுதப்படவில்லை. அவர்கள் வந்திராவிட்டால் செட்டியாரின் உழைப்பும் ஸீமூரின் பேச்சும் வீணாய்ப் போயிருக்கும்.

1855 ஏப்ரலில் கமிஷன் தன் அறிக்கையைக் கொடுத்தது. வரி வசூலுக்காகவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் சித்திரவதை இந்த ராஜதானியில் வழக்கமாய் நடந்துவருகிறது என்று அது ஒப்புக்கொண்டது. வரி வேலையும் போலீஸ் வேலையும் ஒரே கையில் இருப்பதே கேட்டுக்குக் காரணம் என்றும், அவற்றைப் பிரிக்க வேண்டும் என்றும் காட்டியது. அறிக்கையின் செய்தி உலகெங்கும் பரவியது. 1857-ல் கார்ல் மார்க்ஸ் அதைப் பற்றி நியூயார்க்குப் பத்திரிகை ஒன்றில் எழுதினார்.

வேறொருவராயிருந்தால் வெற்றி கிடைத்தது என்று மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சுதேச சங்கத்தாரோ அறிக்கையை நிறுத்துப் பார்த்தார்கள், குறையும் கண்டார்கள். 1856 ஜனவரியில் பார்லிமெண்டில் சமர்ப்பிக்கப்பட்ட அவர்களது விண்ணப்பம் மூன்று குறைகளை எடுத்துச் சொன்னது. பட்டணத்தில் மட்டும், அதுவும் மூன்றே மாதம் உட்கார்ந்த விசாரணைக்கு வீட்டை விட்டு வர முடியாதவர்களே மிகப் பலர். தீமையின் மூலகாரணத்தைத் தேட முயற்சி செய்யப்படவில்லை. கீழுத்தியோகஸ்தர்கள் செய்தது மேலதிகாரிகளுக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்று கேட்கப்படவில்லை. சிறியவனைத் தண்டித்துப் பெரியவனைத் தப்பவிடும் விசாரணை அரை விசாரணையே என்பது இதன் கருத்து.

இந்தக் கிளர்ச்சியின் பலன் மெள்ள மெள்ள வந்தது. 1859-ம் ஆண்டு 24-ம் சட்டத்தால் இந்த ராஜதானியில் போலீஸ் தனி இலாகாவாய் அமைக்கப்பட்டது. வரி வசூல் வேலை அதனின்று பிரிக்கப்பட்டது. 1860-ல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 330-ம் பிரிவு, குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவோ பொருளைக் கக்கச் செய்யவோ ஒருவரைத் துன்புறுத்துவது ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்றது. அப்பிரிவுக்கு எடுத்துக்காட்டாக, வதைக்கும் போலீஸ் உத்தியோகஸ்தரும், வரிப்பாக்கிக்காக வதைக்கும் ரெவினியூ உத்தியோகஸ்தரும் அச்சட்டத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறார்கள். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் சாட்சியமாய் எடுக்கக்கூடாது என்ற விதி 1861-ம் வருஷத்துச் சட்டத்தில் வந்தது; 1872-ல் சாட்சியச் சட்டத்தின் 25-ம் பிரிவானது. பழைய சட்டங்களுக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களிலும் இவ்விரண்டும் நிலைத்திருக்கின்றன. பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-ம் பிரிவும், பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-ம் பிரிவும் அவையே.

இவையெல்லாம் ஒரு மனிதரால் மட்டும் ஆயின என்று சொன்னால் அது மிகையாகும். பார்லிமெண்டில் பேசியவர்களும், சட்டம் எழுதியவர்களும், நடந்துவந்து சாட்சி சொன்ன குடியானவர்களும் சேர்ந்தே இதைச் செய்தார்கள். அவர்களுக்குள் பாலமாய் நின்றவர் செட்டியார். இந்தச் சட்டங்கள் எழுதப்பட்டதால் கொடுமை உடனே ஒழிந்துவிட்டது என்றும் எண்ணலாகாது. 1902–03-ல் விசாரணை செய்த போலீஸ் கமிஷனும் போலீசாரின் கொடுமையையும் ஊழலையும் பற்றிக் கடுமையாகவே எழுத வேண்டியிருந்தது.

இலட்சுமிநரசு செட்டியாரைச் சர்க்காரும் பின்னாளில் மதித்தது. ஸி.எஸ்.ஐ. பட்டம் அளித்தது. 1863-ல் சென்னைச் சட்டசபையின் அங்கத்தினராய் நியமித்தது. ஆனால் பத்திரிகைக்கும் சங்கத்துக்கும் விண்ணப்பங்களுக்கும் அள்ளிக் கொடுத்த கையில் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. செல்வராய்த் தொடங்கிய வாழ்வு 1868-ல் வறுமையில் முடிந்தது. அவருக்குப்பின் சங்கமும் ஒளி மங்கியது. 1884-ல் தோன்றிய சென்னை மகாஜன சபை அவர் போட்ட பாதையிலேயே நடந்தது.

இச்சரித்திரம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு என்ன சொல்லுகிறது? நம் ஆண்டவராகிய சேசுநாதர் குற்றமற்றவர் என்று கண்டும் போஞ்சு பிலாத்து அவரைக் கசையால் அடிப்பித்தான் என்பதை நாம் தபசுகாலந்தோறும் தியானிக்கிறோம். கற்றூணில் கட்டுண்டு அடிபட்டவரை வணங்கும் நாம், காவலில் அடிபடுகிறவனைப் பற்றிக் கவலையற்றிருக்கலாமா? பாப்பரசர் முதலாம் நிக்கோலாஸ் 866-ம் ஆண்டிலேயே பல்கேரியருக்கு எழுதிய நிருபத்தில், அடித்து வாக்குமூலம் வாங்குவது தேவ சட்டத்துக்கும் மனித சட்டத்துக்கும் விரோதம் என்று போதித்தார். பிற்காலத்தில் திருச்சபையின் அதிகாரிகளே இப்போதனையினின்று வழுவியதும் உண்டு; 1252-ல் பதிதர் விசாரணைகளில் வதைக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. அதை மறைப்பதில் பயனில்லை. திருச்சபையின் ஞானோபதேசமே அதைத் துக்கத்தோடு ஒப்புக்கொள்கிறது. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், உடலையும் மனத்தையும் வதைப்பது சிருஷ்டிகருக்கே செய்யும் அவமரியாதை என்று உறுதியாய் அறிவித்தது.

இது பழங்கதையென்று யாரும் நினைக்க வேண்டாம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் வைக்கப்பட்டபின் உயிரிழந்த செய்தி நாட்டையே உலுக்கியது. சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்திட்டும், அதை உறுதிசெய்து ஏற்கும் வேலை முடியாமலே நின்றது. செட்டியார் தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆகையால் ஒவ்வொரு குடும்பமும் சிலவற்றை அறிந்திருப்பது நலம். கைதானவரை, பிரயாண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுமுன் நிறுத்த வேண்டும் என்றும், அவர் விரும்பிய வக்கீலைக் கலந்துகொள்ள உரிமையுண்டு என்றும் அரசியல் சட்டத்தின் 22-வது ஷரத்து கூறுகிறது. 1996-ல் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு மேலும் சில விதிகளை வகுத்தது. கைது செய்ததற்குக் குறிப்பு எழுதி, குடும்பத்தார் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குச் செய்தி சொல்ல வேண்டும். காவலில் உள்ளவரை 48 மணிக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும். அண்டை வீட்டுப் பையனைப் போலீசார் அழைத்துப் போனால், நமக்கென்ன வம்பு என்று கதவைச் சாத்திக்கொள்ளாமல், அவன் தாயாருடன் ஸ்டேஷன்வரை போய் நிற்பதும், அந்தக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்திடுவதும் தர்மகாரியமே. சிறைப்பட்டோரைச் சந்திப்பது இரக்கத்தின் கிரியைகளில் ஒன்று என்று நாம் சிறுவயதில் படித்ததன் பொருள் இதுவன்றோ?

திருடன் என்று சந்தேகப்பட்டவனை நாலு சாத்துச் சாத்தினால்தான் உண்மை வரும் என்று நம்மில் பலர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுண்டு. பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்கிறார்கள். அடியினால் வருவது வார்த்தை மாத்திரமே. அது உண்மையாயும் இருக்கலாம், பொய்யாயும் இருக்கலாம். பெற்றோர் இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வார்களாக.

எரிக்கோ போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவன் வேறு ஜாதியானான சமாரியன் என்று ஆண்டவர் உவமையில் சொன்னார். அவன் தன் எண்ணெயையும் பணத்தையும் செலவழித்தான். இந்தச் சென்னை வணிகர் தம் ஆஸ்தி முழுவதையும் செலவழித்தார். அவரைப்போல் நியாயத்தின்மேல் பசிதாகமுள்ளவர்கள் நம் குடும்பங்களிலும் எழும்பும்படி இவ்வாரம் ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லுவோம். காவலிலும் சிறையிலும் வாடுகிறவர்களையும், அவர்களைக் காக்கும் பொறுப்புள்ள உத்தியோகஸ்தர்களையும் அந்தச் செபத்தில் நினைத்துக்கொள்வோமாக.